ஹட்சன் ஆற்றைத் தாண்டினால் உரிமம் செல்லுமா? அமெரிக்காவில் இறுதிச்சடங்குத் தொழிலும் மாநில எல்லையும்

அமெரிக்காவில் ஒருவர் இறந்தால் நிரப்பப்படும் இறப்புச் சான்றிதழில் இரண்டு சின்னக் கட்டங்கள் உண்டு. ஒன்றில் இறுதிச்சடங்குக்குப் பொறுப்பேற்றவரின் கையெழுத்து, பக்கத்திலேயே அவருடைய உரிம எண். துக்கத்தில் இருக்கும் குடும்பம் அந்தக் கட்டங்களைக் கவனிப்பதே இல்லை. பெயரின் எழுத்து சரியா, பிறந்த தேதி சரியா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடும்.

அந்த எண்ணைக் கொடுத்தது வாஷிங்டனில் உள்ள மத்திய அரசு அல்ல, அந்தந்த மாநிலம். ஹட்சன் ஆற்றுக்கு ஒரு கரையில் நியூஜெர்சி, மறுகரையில் நியூயார்க். ஆற்றுக்கு அடியில் ரயிலில் போனால் சில நிமிடம்தான். ஆனால் நியூஜெர்சியில் இருபது வருடம் இந்தத் தொழிலைச் செய்தவர், மறுகரையில் ஓர் இறுதிச்சடங்கு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து மறுநாளே பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட முடியாது. நியூயார்க் அவரை ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த ஏற்பு எப்படி நடக்கிறது, எங்கே சிக்குகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்லப்போகிறது.

முதலில் ஆள் யார் என்று தெரிந்துகொள்வோம். நம் பக்கம் சாவு வீட்டு வேலையை உறவும் ஊரும் பங்குபோட்டுக்கொள்ளும். ஒருவர் பந்தலுக்கு ஓடுவார், ஒருவர் ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்லுவார், ஒருவர் சுடுகாட்டில் போய்ப் பேசுவார். அமெரிக்காவில் இத்தனையையும் ஃபியூனரல் ஹோம் என்ற ஒரே நிறுவனம் எடுத்துச் செய்கிறது. மருத்துவமனையிலிருந்து உடலை எடுத்து வருவது, குளிரூட்டி வைப்பது, சான்றிதழைப் பதிவு செய்வது, தகனத்துக்கோ அடக்கத்துக்கோ அனுமதி வாங்குவது, சடங்குக்குக் கூடம் தருவது எல்லாம் அங்கேதான். இதை நடத்துபவர் ஃபியூனரல் டைரக்டர். உடலில் இரத்தத்தை வெளியேற்றி, தமனி வழியே ஃபார்மலின் கலந்த திரவத்தைச் செலுத்தி, சில நாள் கெடாமல் வைக்கும் வேலைக்கு எம்பாமிங் என்று பெயர். அதைச் செய்பவர் எம்பாமர்.

குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. மினசோட்டாவிலும் மேரிலாந்திலும் இவர் ‘மார்ட்டிஷியன்’. நியூஜெர்சியில் ‘மார்ச்சுவரி சயன்ஸ் பிராக்டிஷனர்’. மெய்ன், ஓரிகன், நியூமெக்சிகோவில் ‘ஃபியூனரல் சர்வீஸ் பிராக்டிஷனர்’. சில மாநிலங்களில் சடங்கை நடத்துவதற்கு ஓர் உரிமம், எம்பாமிங்குக்கு வேறோர் உரிமம். சிலவற்றில் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே. ஆகவே “எனக்கு லைசென்ஸ் இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால், அடுத்த மாநிலத்து அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, “எதற்கான லைசென்ஸ்?”

இதை ஏன் மாநிலங்கள் கையில் வைத்திருக்கின்றன? அமெரிக்க அரசியல் சட்டத்தின் பத்தாவது திருத்தப்படி, மத்திய அரசுக்கென்று ஒதுக்காத அதிகாரம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியது. தொழில் உரிமம் அப்படி ஒதுக்கப்பட்ட விஷயம் அல்ல. மேற்கு வர்ஜீனியாவில் உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்ததற்காகத் தண்டிக்கப்பட்ட டென்ட் என்பவர், உரிமம் கேட்கும் மாநிலச் சட்டத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்தார். 1889-இல் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு மருத்துவர், பல் மருத்துவர், முடிதிருத்துபவர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் மாநிலங்கள் உரிமம் கொடுக்கும் வாரியம் அமைத்தன. எம்பாமிங்குக்கு 1894-இல் வர்ஜீனியா சட்டம் போட்டது.

எம்பாமர்கள் மீது அரசின் கண் விழுந்தது அதற்கும் முன்பே, உள்நாட்டுப் போரில். தெற்கே போர்க்களத்தில் விழுந்த மகனின் உடலை வடக்கே ஊருக்குக் கொண்டுவர வேண்டும். ரயிலில் பல நாள், வெயில் வேறு. எம்பாமிங் தெரிந்தவர்கள் படை முகாம்களுக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டார்கள். சிலர் நேர்மையாகச் செய்தார்கள். சிலர் உடலைத் தங்களிடம் வைத்துக்கொண்டு பணம் பறித்தார்கள். புகார் பெருகவே, 1865 மார்ச்சில் ராணுவம் ஓர் ஆணை போட்டது. தகுதியைக் காட்டி அனுமதி வாங்கியவரைத் தவிர வேறு யாரும் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்றது. அடுத்த மாதமே அதிபர் லிங்கன் சுடப்பட்டார். எம்பாமிங் செய்த அவர் உடல் ஏப்ரல் 21-இல் வாஷிங்டனிலிருந்து ரயிலில் கிளம்பி, ஊர் ஊராக நின்று, மே 3-இல் அவருடைய ஊரான ஸ்பிரிங்ஃபீல்டு போய்ச் சேர்ந்தது. வழியில் லட்சக்கணக்கானோர் முகம் பார்த்தார்கள். எம்பாமிங் அமெரிக்க வழக்கமாக வேரூன்றியதற்கு அந்தப் பயணத்தைத்தான் பலரும் காரணமாகச் சொல்கிறார்கள்.

சரி, உரிமத்துக்குள் என்ன இருக்கிறது? பெரும்பாலான மாநிலங்களில் நான்கு சரக்கு: படிப்பு, தேர்வு, பயிற்சிக் காலம், அந்த மாநிலத்துச் சட்ட அறிவு. எது எவ்வளவு என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஃபியூனரல் டைரக்டர் ஆக இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு இருந்தால் போதும். அது இறுதிச்சடங்குப் படிப்பாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அப்புறம் மாநிலச் சட்டத் தேர்வு. எம்பாமருக்குத்தான் கெடுபிடி: அதற்கென்ற படிப்பு, இரண்டு வருடப் பயிற்சி, நூறு உடல்களை எம்பாம் செய்த கணக்கு. நியூயார்க்கில் ஒரே உரிமம். அதை வாங்க இறுதிச்சடங்குத் துறைப் படிப்பு, தேசியத் தேர்வு, ஒரு வருடப் பயிற்சி, மாநிலச் சட்டத் தேர்வு எல்லாமே வேண்டும். ஒஹாயோவும் மினசோட்டாவும் அதற்கும் மேலே போய் இளங்கலைப் பட்டம் கேட்டு வந்த மாநிலங்கள்.

இப்போது லாஸ் ஏஞ்சலஸில் பத்து வருடமாக ஃபியூனரல் டைரக்டராக இருக்கும் ஒருவர், மனைவிக்கு நியூயார்க்கில் வேலை கிடைத்ததால் குடிபெயர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். துக்கத்தில் உடைந்த குடும்பத்திடம் பேசுவதில் அவர் கெட்டிக்காரர். ஆயிரம் சடங்கு நடத்தியவர். ஆனால் எம்பாமிங் கற்றதில்லை. நியூயார்க்கின் உரிமமோ இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது. நியூயார்க் அவரை எப்படி அப்படியே ஏற்கும்? இதை வெறும் அதிகாரிகளின் வீம்பு என்று தள்ளிவிட முடியாது. இரண்டு உரிமங்களுக்கும் பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு.

வெளிமாநில உரிமத்தை ஏற்பதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது ரெசிப்ராசிட்டி. “உன் ஆளை நான் ஏற்கிறேன், என் ஆளை நீ ஏற்றுக்கொள்” என்று இரண்டு மாநிலங்கள் செய்துகொள்ளும் ஏற்பாடு, பெண் கொடுத்துப் பெண் எடுப்பது மாதிரி. இரண்டாவது எண்டார்ஸ்மென்ட். இதில் மாநிலங்களுக்குள் ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை. வந்து நிற்கும் ஆளின் தகுதியை மட்டும் பார்த்து, நம் மாநிலத்துக்குப் பொருந்துகிறதா என்று முடிவெடுப்பார்கள். நடைமுறையில் பல வாரியங்கள் இரண்டாவதைச் செய்துகொண்டே முதலாவதன் பெயரைப் படிவத்தின் தலைப்பில் போடுகின்றன. ஆகவே தலைப்பை நம்ப வேண்டாம், உள்ளே என்ன கேட்டிருக்கிறார்கள் என்று படியுங்கள்.

இந்த இரண்டு வழிகளிலும் எல்லாம் ஒரே சொற்றொடரில் போய் நிற்கிறது: “கணிசமாக ஒத்த தகுதி.” உங்கள் பழைய மாநிலம் உரிமம் கொடுத்தபோது கேட்ட தகுதி, புதிய மாநிலம் கேட்கும் தகுதியைக் கணிசமாக ஒத்திருக்க வேண்டும். எவ்வளவு இருந்தால் கணிசம்? பன்னிரண்டு மாதப் பயிற்சி கேட்கும் மாநிலத்துக்கு, ஆறு மாதப் பயிற்சியோடு பதினைந்து வருட அனுபவமும் வைத்திருப்பவர் ஒத்தவரா, இல்லையா? ஒரு வாரியம் அனுபவத்தைப் பயிற்சிக்கு ஈடாக எடுத்துக்கொள்ளும். இன்னொன்று கொள்ளாது. வர்ஜீனியா போன்ற இடங்களில் வாரியமே ஒவ்வொரு விண்ணப்பமாக எடுத்து எடைபோடும்.

இந்த எடைபோடும் வேலையைக் குறைத்தது தேசிய வாரியத் தேர்வு. ‘தேசிய’ என்று பெயர் இருந்தாலும் மத்திய அரசு நடத்துவதல்ல. மாநில வாரியங்கள் சேர்ந்து 1904-இல் தொடங்கிய ஒரு கூட்டமைப்பு நடத்துகிறது. தொழிலில் அதைச் சுருக்கமாக ‘தி கான்ஃபரன்ஸ்’ என்பார்கள். தேர்வில் இரண்டு பகுதி. ‘ஆர்ட்ஸ்’ பகுதியில் சடங்கு ஏற்பாடு, துக்க ஆலோசனை, வணிகம், சட்டம். ‘சயன்ஸஸ்’ பகுதியில் எம்பாமிங், சிதைந்த முகத்தைச் சீரமைக்கும் கலை, உடற்கூறு, நோய்க்கிருமி இயல். ஒவ்வொன்றிலும் 75 எடுத்தால் தேர்ச்சி. இரண்டு பகுதியும் தேறியவரின் மதிப்பெண் எந்த மாநிலத்திலும் ஒரே அர்த்தம் தருகிறது. எல்லை தாண்டும்போது உரிமத்தைவிட இந்த மதிப்பெண்தான் கைகொடுக்கும். கலிஃபோர்னியாக்காரர் போல அதை எழுதாமலேயே உரிமம் வாங்கியவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நடுவயதில், கல்லூரியை விட்டு எத்தனையோ வருடம் கழித்து, தமனிகளின் பெயரை மனப்பாடம் செய்ய உட்கார வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வழி புதியது. 2019-இல் அரிசோனா முதன்முதலாக ஒரு பொதுச் சட்டம் போட்டது. இறுதிச்சடங்குக்கென்று தனியாக அல்ல, அநேகமாக எல்லாத் தொழிலுக்கும். வேறு மாநிலத்தில் குறைந்தது ஒரு வருடமாக உரிமம் வைத்திருக்கிறாயா, உன்மேல் நடவடிக்கையோ நிலுவைப் புகாரோ இல்லையா, அரிசோனாவில் குடியேறிவிட்டாயா? சரி, கட்டணத்தைக் கட்டு, தேவையென்றால் எங்கள் சட்டத்தில் ஒரு தேர்வு எழுது, வேலையைத் தொடங்கு. நீ எத்தனை மணி நேரம் படித்தாய் என்று இந்தச் சட்டம் கிளறுவதில்லை, என்ன வேலை செய்துவந்தாய் என்றுதான் பார்க்கிறது. பின்னால் வேறு பல மாநிலங்களும் இதே மாதிரி சட்டம் போட்டன, ஆளுக்கொரு நிபந்தனையோடு.

ஒரு விண்ணப்பத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதெல்லாம் இன்னும் தெளிவாகும். ஒஹாயோவில் டைரக்டர், எம்பாமர் இரண்டு உரிமமும் உள்ள ஒருவர் ஃப்ளோரிடாவுக்குப் போகிறார். ஃப்ளோரிடாவின் வழி எண்டார்ஸ்மென்ட். அவர் படித்தவர், தேசியத் தேர்வு தேறியவர், ஒஹாயோவின் தகுதியோ ஃப்ளோரிடா கேட்பதைவிடக் கூடுதல். ஆகவே தகுதியில் சிக்கல் வராது. சிக்கல் வருவதானால் காகிதத்தில்தான் வரும். ஒஹாயோ வாரியத்திலிருந்து “இவர் உரிமம் நடப்பில் உள்ளது, நடவடிக்கை எதுவும் இல்லை” என்ற சான்று வேண்டும். அதை அவரே கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், வாரியத்திலிருந்து வாரியத்துக்கு நேரே போக வேண்டும். தேசியத் தேர்வு மதிப்பெண் கான்ஃபரன்ஸிலிருந்து, படிப்பின் மதிப்பெண் பட்டியல் கல்லூரியிலிருந்து, கைரேகை குற்றப் பின்னணி விசாரணைக்கு. தொற்றுநோய் பற்றிய ஒரு பாடத்தை முடித்த சான்றும் ஃப்ளோரிடா கேட்கும். இத்தனை பேரில் யாரோ ஒருவர் தாமதித்தால் கோப்பு அப்படியே கிடக்கும். எல்லாக் காகிதங்களுக்கும் ஒரே நாளில் எழுதிப் போட்டுவிட்டு, ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்ததா என்று தொலைபேசியில் துரத்துவதுதான் புத்திசாலித்தனம்.

கடைசியாக ஃப்ளோரிடா சட்டத் தேர்வு. இதற்கு மட்டும் எவ்வளவு அனுபவம் இருந்தாலும் விலக்கு எதிர்பார்க்க வேண்டாம். என்னைக் கேட்டால் விலக்கு தரவும் கூடாது. எம்பாமிங் திரவம் பாயும் தமனி ஒஹாயோவிலும் ஃப்ளோரிடாவிலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. சட்டம் அப்படி இல்லை. ஃப்ளோரிடாவில் இறந்து 48 மணி நேரம் ஆகாமல் தகனம் செய்யக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் உடலை வைத்திருந்தால் எம்பாம் செய்ய வேண்டும் அல்லது 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே குளிரூட்ட வேண்டும். நியூஜெர்சியில் தகனத்துக்குக் காத்திருக்க வேண்டியது 24 மணி நேரம். உடலை மண்ணோடு மண்ணாக உரமாக்கும் முறையை வாஷிங்டன் மாநிலம் 2019-இல் சட்டமாக்கியது. அதை இன்னும் அனுமதிக்காத மாநிலங்கள் பல.

சாவதற்கு முன்பே சடங்குக்குப் பணம் கட்டி வைக்கும் வழக்கம் அங்கே பரவலாக உண்டு. நியூயார்க்கில் அப்படி வாங்கும் முழுத் தொகையையும் தனியாக ஒதுக்கிவைக்கும் டிரஸ்ட் கணக்கில் போட வேண்டும், ஒரு டாலர்கூடத் தொடக் கூடாது. ஒரு பகுதியை நிறுவனமே எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கும் மாநிலங்களும் உண்டு. அங்கே பழகியவர் நியூயார்க்குக்கு வந்து பழைய பழக்கத்திலேயே கணக்கு எழுதினால் அது குற்றமாகிவிடும். மகன் ஒரு பக்கம், இரண்டாவது மனைவி ஒரு பக்கம் நின்று தகனமா அடக்கமா என்று சண்டை போடும்போது யார் சொல்வதைக் கேட்பது என்ற வரிசைகூட அந்தந்த மாநிலச் சட்டத்தில்தான் இருக்கிறது.

ராணுவக் குடும்பங்களுக்கு மட்டும் மத்திய அரசு ஒரு தனி வாசல் திறந்திருக்கிறது. கணவரோ மனைவியோ படையில் இருந்தால் சில வருடத்துக்கு ஒருமுறை மாநிலம் மாற வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் உரிமத்துக்கு முதலிலிருந்து ஆரம்பித்தால் வாழ்க்கை முழுக்க விண்ணப்பம்தான். 2023 ஜனவரியில் கையெழுத்தான சட்டப்படி, ராணுவ உத்தரவால் இடம்பெயரும் படைவீரரும் அவர் துணையும் வைத்திருக்கும் தொழில் உரிமத்தைப் புதிய மாநிலம் மதிக்க வேண்டும். தொடக்கத்தில் வழக்கறிஞர் உரிமம் மட்டும் இதில் சேரவில்லை.

நெருக்கடி வந்தால் எல்லைக் கோடு தானாகவே மெலிந்துவிடும். 2020 வசந்தத்தில் நியூயார்க் நகரில் கொரோனாவால் இறந்தவர்களின் உடல்களைக் குளிரூட்டிய லாரிகளில் வைக்க வேண்டியிருந்தது. அப்போது வெளிமாநில ஃபியூனரல் டைரக்டர்கள் உள்ளூர் உரிமதாரரின் மேற்பார்வையில் வேலை செய்ய ஆளுநரின் அவசர ஆணை வழிவிட்டது. இவ்வளவு கறாரான மாநிலமே இப்படி இளகியது என்றால், சாதாரண காலத்தில் எழுப்பிய சுவர் எதற்காக என்ற கேள்வி எழத்தானே செய்யும்?

அந்தக் கேள்விக்கு லூசியானாவில் ஒரு பதில் கிடைத்தது. அங்கே செயின்ட் ஜோசஃப் மடத்துத் துறவிகள் மரம் வளர்த்து வந்தார்கள். 2005-இல் கத்ரீனா புயல் அவர்கள் மரங்களைச் சாய்த்தது. வருமானத்துக்கு வேறு வழி தேடியபோது, தங்கள் மடத்துத் துறவிகளை அடக்கம் செய்யத் தாங்களே செய்துவந்த எளிய மரச் சவப்பெட்டிகளை வெளியாருக்கும் விற்கலாம் என்று முடிவெடுத்தார்கள். மாநில வாரியம் நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது. சவப்பெட்டி விற்க ஃபியூனரல் டைரக்டர் உரிமம் வேண்டுமாம். சட்டப்படி விற்க வேண்டுமானால் மடம் ஃபியூனரல் ஹோமாகவே மாற வேண்டும். முப்பது பேர் உட்காரும் கூடம், எம்பாமிங் அறை, முழுநேர ஃபியூனரல் டைரக்டர் எல்லாம் வேண்டும். ஒரு மரப்பெட்டி விற்பதற்கு! துறவிகள் நீதிமன்றம் போனார்கள். 2013 மார்ச்சில் ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரு தொழிற்கூட்டத்தைப் போட்டியிலிருந்து காப்பது மட்டுமே ஒரு சட்டத்தின் நோக்கமாக இருக்க முடியாது என்றது.

துறவிகள் வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்கள் அல்ல. ஆனாலும் இந்த வழக்கு நம் விஷயத்துக்கு நெருக்கமானது. வாரியத்தில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவர்கள் அதே தொழிலில் உள்ளவர்கள். புதிதாக வரும் ஆள் அவர்களுக்கு நாளைய போட்டியாளர். கடைத்தெருவில் புதுக் கடைக்கு அனுமதி கொடுக்கலாமா என்று பழைய கடைக்காரர்களிடம் கேட்பது போலத்தான் இது. 2015-இல் வட கரோலினா பல் மருத்துவ வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டியது. அப்படிப்பட்ட வாரியத்தின் மேல் அரசின் நேரடி மேற்பார்வை இல்லாவிட்டால் போட்டிச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்கு கிடையாது என்றது.

அதற்காக உரிமமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அப்படிச் சொல்லிப் பார்த்த மாநிலம் கொலராடோ. 1980களில் அங்கே ஃபியூனரல் டைரக்டர், எம்பாமர் உரிமங்களை எடுத்துவிட்டார்கள். படிப்பு, தேர்வு எதுவும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் தொழில் செய்யலாம் என்று நாற்பது வருடம் ஓடியது. 2023 அக்டோபரில் பென்ரோஸ் என்ற சிற்றூரில் ஓர் இறுதிச்சடங்கு நிறுவனத்தின் கட்டடத்திலிருந்து வந்த துர்நாற்றத்தைப் பற்றிப் புகார் போனது. போலீஸ் திறந்து பார்த்தபோது அழுகிய நிலையில் கிட்டத்தட்ட 190 உடல்கள். சில குடும்பங்களுக்கு அஸ்தி என்று வேறு பொடியைக் கொடுத்திருந்தார்கள். மான்ட்ரோஸ் ஊரில் இன்னொரு நிறுவனம் குடும்பங்களுக்குத் தெரியாமல் உடல் உறுப்புகளை விற்ற வழக்கு அதற்கு முன்பே நடந்திருந்தது. 2024-இல் கொலராடோ மறுபடி உரிமச் சட்டம் போட்டது. 2027-லிருந்து உரிமம் கட்டாயம், ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கு அனுபவத்தை வைத்து ஒரு வழி.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. அந்த நாற்பது வருடத்தில் கொலராடோவில் நேர்மையாகத் தொழில் செய்தவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் பக்கத்து மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் என்ன காட்டுவார்? நடப்பில் உள்ள உரிமத்தைக் காட்டு என்கிறது படிவம். அவரிடம் உரிமமே கிடையாது, அந்த வருடங்களில் அவர் மாநிலம் கொடுக்கவே இல்லை. அரிசோனா மாதிரி தாராளமான சட்டம்கூட, ஏற்றுக்கொள்ள ஓர் உரிமம் கையில் இருந்தால்தான் உதவும். ஆகவே தேசியத் தேர்வு எழுதி வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள், மற்றவர்கள் கற்றுக்குட்டிகளோடு வரிசையில் நின்றார்கள்.

என் கருத்து இதுதான். தேசியத் தேர்வு, சுத்தமான பதிவு, புதிய மாநிலத்தின் சட்டத் தேர்வு இந்த மூன்றும் போதும். அனுபவசாலியை மறுபடி ஒரு வருடம் பயிற்சியாளராக உட்காரச் சொல்வதில் துக்க வீட்டாருக்கு ஒரு லாபமும் இல்லை. ஆனால் ‘சுத்தமான பதிவு’ என்பதை மட்டும் தளர்த்தக் கூடாது. ஒரு மாநிலத்தில் உடலை அவமதித்துப் பிடிபட்டவன் அடுத்த மாநிலத்தில் புதுப் பலகை மாட்டுவதைத் தடுக்க, வாரியம் வாரியத்துக்கு நேரே எழுதும் அந்தக் கடிதம் தேவைதான்.

கனடாவில் இதே சிக்கலை வேறு மாதிரி அவிழ்த்திருக்கிறார்கள். அங்கேயும் உரிமம் மாகாணத்தின் கையில்தான். ஆனால் 2017-இல் நடைமுறைக்கு வந்த கனடிய சுதந்திர வர்த்தக ஒப்பந்தம், ஒரு மாகாணம் சான்றளித்த தொழிலாளரைப் பெரிய கூடுதல் பயிற்சி எதுவும் கேட்காமல் மற்ற மாகாணங்களும் ஏற்க வேண்டும் என்கிறது. ஒன்டாரியோவில் இன்னொரு வசதியும் உண்டு. எம்பாமிங் செய்யும் ஃபியூனரல் டைரக்டருக்கு முதல் வகுப்பு உரிமம், எம்பாமிங் இல்லாமல் சடங்கு மட்டும் நடத்துபவருக்கு இரண்டாம் வகுப்பு. எம்பாமிங்கை ஏற்காத சமயத்தாருக்கு இந்தப் பிரிப்பு பெரிய உதவி. டொராண்டோ பக்கம் நம்மவர்களில் இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் இந்த வித்தியாசத்தை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்க மாநிலத்துக்கு மாற நேர்ந்தால், முன்பு பார்த்த கலிஃபோர்னியாக்காரரின் கதிதான் இரண்டாம் வகுப்புக்காரருக்கும் நேரும்.

தொழிலில் இல்லாத குடும்பத்துக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். அப்பா நியூஜெர்சியில் இருக்கிறார், ஃப்ளோரிடாவுக்குச் சுற்றுலா போன இடத்தில் இறந்துவிட்டார் என்றால், நியூஜெர்சி ஃபியூனரல் டைரக்டர் ஃப்ளோரிடா உரிமம் வாங்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஊரில் உள்ள நிறுவனத்துக்குச் சொன்னால் அவர்கள் அங்கே உள்ள ஒரு நிறுவனத்தோடு பேசி, உடலை எடுக்கவும் அனுப்பவும் ஏற்பாடு செய்வார்கள். ஒவ்வொரு பக்கத்து வேலையையும் அந்தப் பக்கத்து உரிமதாரர் செய்வார். ஆனால் கட்டணம் இரண்டு நிறுவனத்துக்கும் உண்டு. நீங்களே இரண்டு இடத்துக்கும் தனித்தனியாகப் பேசாமல் ஒருவரிடம் பொறுப்பை விட்டுவிட்டு, மொத்தச் செலவை எழுத்தில் கேளுங்கள். விலைப்பட்டியலைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது 1984 முதல் மத்திய அரசின் விதி. இது எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான்.

உடலை இந்தியாவுக்கு அனுப்புவதென்றால் இறப்புச் சான்றிதழ், இந்திய பாஸ்போர்ட் ரத்து ஆகியவற்றோடு எம்பாமிங் செய்த சான்றையும் தூதரகம் கேட்கும். பெட்டியில் உடலைத் தவிர வேறெதுவும் இல்லை என்று ஃபியூனரல் ஹோம் தரும் கடிதமும் வேண்டும். உடல் எந்த மாநிலத்தில் தயாராகிறதோ அந்த மாநிலத்து உரிமதாரரின் கையெழுத்துதான் இவற்றில் இருக்கும். அவர் உரிமம் நடப்பில் உள்ளதா என்று பார்க்க அநேகமாக எல்லா மாநிலங்களிலும் இணையத்தில் தேடும் வசதி உண்டு. நிறுவனத்துக்குத் தனி உரிமம், ஆளுக்குத் தனி உரிமம், இரண்டையும் பாருங்கள்.

இந்தத் தொழிலில் உள்ளவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. புது மாநிலத்தில் உரிமம் கிடைத்துவிட்டால் பழையதை விட்டுவிடலாமா? இரண்டையும் வைத்திருந்தால் இரண்டு புதுப்பிப்புக் கட்டணம், கேட்கும் இடத்தில் இரண்டு தடவை தொடர்கல்வி வகுப்பு. செலவுதான். ஆனாலும் புது உரிமம் கைக்கு வரும்வரை பழையது ஒரு நாள்கூடக் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் புது மாநிலம் ஏற்றுக்கொள்வது நடப்பில் உள்ள உரிமத்தை. கைக்கு வந்த பிறகும், திரும்பிப் போகும் எண்ணம் துளியாவது இருந்தால் பழையதைப் புதுப்பித்து வையுங்கள். செயலில் இல்லாத நிலையில் குறைந்த கட்டணத்தில் வைத்திருக்க உங்கள் மாநிலத்தில் வழி இருக்கிறதா என்று மட்டும் வாரியத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.